பைக் எஞ்சினில் கருப்பு பெயிண்ட் செதில் செதிலாக உரிகிறது. எஞ்சினை இறக்காமல் நானே டச்-அப் செய்யலாமா? பெங்களூரில் பொருள் எங்கே கிடைக்கும்?

தாராளமாகச் செய்யலாம். எஞ்சினை இறக்கவே வேண்டாம்.

உங்களுடையது 150 சிசி ஏர்-கூல்டு வண்டி, 12 வருடம் ஓடியது, கிளட்ச் கவரிலும் சிலிண்டரின் அடி ஃபின்களிலும் (சூட்டைக் காற்றுக்கு விடும் தகடுகள்) பெயிண்ட் போகிறது, 650 டிகிரி தாங்கும் ஸ்ப்ரே கேன் ஒன்று வாங்கி எல்லா இடத்திலும் அடிக்கச் சொன்னார் மெக்கானிக் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேனை மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள். கவரில் அதை அடித்துவிட்டு, "பெயிண்டே போலி" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்களை சிவாஜி நகர் பக்கம் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயிண்டில் குற்றமில்லை, அடித்த இடம்தான் தவறு.

எஞ்சின் முழுக்க ஒரே சூடு இருப்பதில்லை. கிளட்ச் கவருக்கும், எஞ்சினின் மறுபக்கம் இருக்கும் மேக்னட் கவருக்கும் உள்ளே ஓடுவது ஆயில். அது சாதாரண ஓட்டத்தில் 90 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். சில்க் போர்டு ஜங்ஷனில் முதல் கியரில் ஊர்ந்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சிலிண்டர் ஹெட்டை ஒட்டிய ஃபின்கள் 150 தாண்டி 200 வரை போகலாம். எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து போகும் பெண்ட் பைப் மட்டும்தான் 300-க்கு மேல் சர்வசாதாரணமாகப் போகிற இடம். 650 டிகிரி பெயிண்ட் அந்தப் பைப்புக்காகச் செய்தது.

"அதிகம் தாங்குவதை அடித்தால் இன்னும் நல்லதுதானே?" என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். அந்த வகைப் பெயிண்டில் ஒட்டுப் பொருள் சிலிக்கோன் ரெசின். தொட்டால் ஒட்டாத அளவுக்கு அரை மணியில் காய்ந்துவிடும். ஆனால் கெட்டியாக இறுகுவதற்கு 200 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் இருந்தாக வேண்டும். பெண்ட் பைப்புக்கு அந்தச் சூடு ஒரே ஓட்டத்தில் கிடைத்துவிடும், கிளட்ச் கவருக்கு ஆயுள் முழுக்கக் கிடைக்காது. அதனால் அங்கே அது வேகாத மாவாகவே இருக்கும். பெட்ரோல் ஒரு சொட்டு விழுந்தால் கரையும், ஷூ உரசினால் வழித்துக்கொண்டு வரும்.

ஆகவே இடத்துக்குத் தகுந்த பெயிண்ட். கிளட்ச் கவர், மேக்னட் கவர், கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிப் பெட்டி) மூன்றுக்கும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூ-பேக் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் போதும். அது இறுகுவது ஹார்ட்னரோடு நடக்கும் வினையால், சூடு தேவையில்லை. இறுகிய பிறகு பெட்ரோல், செயின் லூப், டீசல் எதற்கும் அசையாது. ஃபின்களுக்கு 250 முதல் 300 டிகிரி வரை தாங்கும் எஞ்சின் எனாமல். அதற்கு 100 டிகிரிச் சூட்டிலேயே இறுகும் தன்மை உண்டு, கேனின் பின்னால் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். பியூவை ஹெட் பக்கம் கொண்டு போகாதீர்கள், அந்தச் சூட்டில் நிறம் மாறும்.

அடுத்து, ஏன் உரிந்தது என்று பார்த்தால்தான் மறுபடி உரியாமல் இருக்கும். செதிலை நகத்தால் தூக்கிப் பாருங்கள். கீழே வெள்ளையாக மாவு போல இருந்தால் அது அலுமினியத்தின் அரிப்பு. ஒரு சின்னக் கல் பட்டு பெயிண்டில் துளை விழும், அதன் வழியாகத் தண்ணீர் போகும், அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகி மேலே இருக்கும் பெயிண்டைத் தூக்கும். போல்ட்டுகளைச் சுற்றி முதலில் உரிவதைக் கவனித்திருப்பீர்கள். இரும்பு போல்ட்டும் அலுமினியக் கவரும் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு இரட்டிப்பு. வாட்டர் வாஷ் கடையில் சூடான எஞ்சின் மேல் பிரஷர் தண்ணீரை அடிப்பதும், அது பெரும்பாலும் உப்பேறிய போர்வெல் தண்ணீராக இருப்பதும் சேர்ந்து இதை வேகப்படுத்துகின்றன. என் கணிப்பில் நம் ஊரில் கிராங்க் கேஸ் பெயிண்டைக் கெடுப்பது சூடு அல்ல, வாஷ்தான்.

இனி வேலை. முதலில் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் கொண்டு கிரீஸை எடுங்கள். மண்ணெண்ணெய் மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், அதனால் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீரால் கழுவி முழுக்க உலர விடுங்கள். வாஷ் கடைக்காரர்கள் கடைசியில் பளபளப்புக்கு அடிக்கும் பாலிஷில் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். அது துளி மிச்சமிருந்தாலும் புதுப் பெயிண்ட் மீன் கண் போலக் குழி குழியாக விலகும். ஆகவே உப்புத்தாளால் தேய்ப்பதற்கு முன் ஒரு முறை, தேய்த்த பின் ஒரு முறை, தின்னர் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதுப் பக்கம். நல்ல பெயிண்ட் இருக்கும் இடத்தில் தின்னரை ஊற வைக்காதீர்கள்.

உரிந்த இடத்தின் ஓரத்தில் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். எதுவரை கையோடு வருகிறதோ அதுவரை தளர்ந்த பெயிண்ட். இனி வராது என்கிற இடத்தில்தான் உங்கள் எல்லை. பலர் செதிலை மட்டும் சுரண்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள், பக்கத்தில் பிடிப்பில்லாமல் நிற்பது அடுத்த மழையில் வருகிறது. பிறகு 180 நம்பர் உப்புத்தாளால் வெள்ளைப் பொடி போய் உலோகம் மின்னும் வரை தேயுங்கள். அடுத்து 320, கடைசியில் 400. பழைய பெயிண்டின் விளிம்பில் விரலை ஓட்டினால் படிக்கட்டு தட்டக் கூடாது, சரிவாக இருக்க வேண்டும். ட்ரில்லில் மாட்டும் இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து அங்கேயே அடுத்த அரிப்பு தொடங்கும். ஃபின் இடுக்குக்குப் பித்தளை பிரஷ் நல்லது.

ஒரு முக்கிய எச்சரிக்கை: கிராங்க் கேஸில் எஞ்சின் எண் குத்தியிருக்கும் இடத்தில் உப்புத்தாள் படவே கூடாது, பெயிண்ட்டையும் தடிமனாக ஏற்றாதீர்கள். உங்கள் வண்டிக்கு 15 வருடம் முடியும்போது மறுபதிவுக்குப் போக வேண்டும். அங்கே எண் தெளிவாகத் தெரியாவிட்டால் ஆர்டிஓ அலுவலகத்தில் நீங்கள் வீணாக அலைய வேண்டிவரும்.

தேய்த்த அலுமினியத்தை ராத்திரி முழுக்க வெறுமனே விடாதீர்கள், அன்றைக்கே பிரைமர் போகட்டும். ரெட் ஆக்சைடு இரும்புக்கானது, இங்கே பிடிக்காது. கவர்களுக்கு அலுமினியத்துக்கான எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப் பூச்சு) மெல்லிசாக ஒரு கோட். அதன் மேல் பியூவை நேரடியாக ஏற்றலாமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா ஜோடியும் ஒத்துப்போகாது. ஃபின்களில் எனாமல் கம்பெனி பிரைமர் கேட்டால் மட்டும், அதுவும் சூடு தாங்கும் வகை.

நகத்தளவு, ரூபாய் நாணயத்தளவு இடங்களுக்கு ஸ்ப்ரே தேவையே இல்லை. சின்ன ஓவிய பிரஷ்ஷால் மெல்லிய கோட்டாக மூன்று முறை வையுங்கள். எனாமல் கேனாக இருந்தால் மூடியில் கொஞ்சம் பீய்ச்சி, அதில் பிரஷ்ஷைத் தொட்டு வைக்கலாம். ஃபின்னில் தடிமனாக ஏற்றினால் காற்றுக்குச் சூடு போவது குறையும். மெல்லிய கருப்புப் படலத்தால் ஒரு கெடுதலும் இல்லை. பளபளப்பு ஒத்துப்போவதுதான் கடினம், நிறம் அல்ல. பெரும்பாலான கருப்பு எஞ்சின்கள் முழு கிளாஸும் அல்ல, முழு மேட்டும் அல்ல. பெயிண்ட் கலக்கும் கடையில் கழற்றிய சின்னப் பிளாஸ்டிக் மூடியைக் காட்டி "சாட்டின் பிளாக்" என்று கேளுங்கள். பியூவை ஸ்ப்ரேயாக அடிக்க நினைத்தால் துணி முகமூடி போதாது, ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும். அந்த வேலையைப் பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள்.

ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூர் சாயங்காலங்களில் ஈரப்பதம் அதிகம், பெயிண்ட் வெளுத்துப்போகும். காலை பத்து மணிக்கு மேல், நிழலில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். மறுநாள் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிறகு ஃபின் எனாமலுக்காக முதலில் சில நிமிடம் ஓடவிட்டு ஆறவிடுங்கள், அடுத்து ஒரு சின்ன ரவுண்டு, அதன் பின் நீளமான ஓட்டம். நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஐடிலிங்கில் சூடாக்க வேண்டாம், ஏர்-கூல்டு எஞ்சினுக்குக் காற்று வேண்டும். சிவாஜி நகரில் எனக்குத் தெரிந்த பெயிண்டர் பாய் ஒருவர், "தம்பி, ஒரு வாரம் கழிச்சுப் பெட்ரோல் துணியால துடைச்சுப் பாரு, துணி கருக்கலன்னா வேலை முடிஞ்சுது" என்பார். நானும் அப்படித்தான் சோதிக்கிறேன்.

பெயிண்ட், பிரைமர், ஹார்ட்னருக்கு ஜே.சி. ரோடு, கலாசிபாளையம் பக்கம் போங்கள். உப்புத்தாள், பித்தளை பிரஷ் எல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். கவர்கள் முக்கால்வாசி உரிந்திருந்தால் டச்-அப்பில் நேரத்தை வீணாக்காமல் கழற்றி, பீன்யாவில் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுத்துவிடுவது மேல். 180 முதல் 200 டிகிரி சூட்டில் ஓவனில் வைப்பார்கள், அதனால் ஆயில் சீல், ரப்பர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் கவராகக் கொடுங்கள். திரும்ப மாட்டும்போது புது கேஸ்கெட் போட்டு ஆயில் நிரப்புங்கள்.

கவர் சேரும் கோட்டை ஒட்டி உரிந்து, அந்த இடம் எப்போதும் பிசுபிசுப்பாக இருந்தால் மட்டும் பெயிண்ட் வேலையைத் தள்ளிப்போடுங்கள். ஆயில் கசியும் இடத்தில் எந்தப் பெயிண்டும் நிற்காது. அப்படியிருந்தால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, 20 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். கேஸ்கெட்டா, சீலா என்று பார்த்துச் சொல்கிறேன்.