பழைய கேம் டிஸ்க்குகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடமுள்ள பழைய கேம் சிடியின் அடிப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் விளக்குக்கு எதிரே பிடித்தால் ஊசி குத்தியதுபோல் ஏழெட்டு இடங்களில் வெளிச்சம் தெரிகிறது. டிஸ்க் அழுகிவிட்டதா?

பதில்: உடனே அப்படி முடிவுகட்ட வேண்டாம். முதலில் தகவல் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சிடியின் கனம் 1.2 மில்லிமீட்டர். ஏறக்குறைய அது முழுவதுமே பாலிகார்பனேட் பிளாஸ்டிக்தான். தகவல் குழிகள் அதன் மேல்முகத்தில், அதாவது லேபிளுக்கு நேர் கீழே பதிந்திருக்கின்றன. அவற்றின்மேல் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே கனமான அலுமினியப் படலம் இருக்கும். அதற்கும் மேலே சில மைக்ரான் அரக்குப் பூச்சு, அதன்மேல் லேபிள் அச்சு. பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். உண்மையில் நோஞ்சான் பக்கம் லேபிள் பக்கமே.

அரக்குப் பூச்சில் கீறல் விழுந்தாலோ விளிம்பில் அது சரியாக மூடாமல் இருந்தாலோ ஈரமும் காற்றும் உள்ளே போகும். அலுமினியம் ஆக்சைடாக மாறும். ஆக்சைடு ஒளியைத் திருப்பி அனுப்பாது என்பதால் லேசருக்கு அந்த இடத்தில் எதுவும் படிக்கக் கிடைக்காது. 'டிஸ்க் அழுகல்' என்பது பெரும்பாலும் இதுதான்.

ஆனால் ஆலையில் படலம் பூசும்போதே விழுந்த துளைகளும் உண்டு. அவை பல வருடமானாலும் வளராது. டிஸ்க் முழுதும் சீராக மங்கலாய் ஒளி ஊடுருவினால், படலம் மெல்லியது என்று மட்டுமே பொருள். வளர்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரே வழி ஒப்பிடுவதுதான். அதே விளக்கு, அதே தூரத்தில் வைத்துப் படம் எடுங்கள். லேபிளில் உள்ள எந்த எழுத்துக்கு அருகே துளை இருக்கிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். துளை பெருத்தாலோ, ஓரம் புகை படிந்ததுபோல் மங்கினாலோ, விளிம்பிலிருந்து கறை உள்நோக்கி நகர்ந்தாலோ அது அழுகல். விளிம்பிலிருந்து பழுப்பு நிறம் பரவுவது தனி வகை. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ ஆலை 1988 முதல் 1993 வரை தயாரித்த சிடிக்களில் இது பெயர்பெற்றது. அந்த அரக்குப் பூச்சு, தாள் உறைகளிலிருந்து வந்த கந்தகத்தைத் தாங்கவில்லை.

முதல் பிளேஸ்டேஷனின் கறுப்பு டிஸ்க்குகளில் துளைகள் கண்ணுக்கு எளிதில் அகப்படா. சிடி லேசரின் 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி அந்தக் கறுப்பை ஊடுருவும், நம் கண்ணால் முடியாது. அங்கே ஓட்டிப் பார்ப்பதே சோதனை. தலைப்புத் திரை வந்துவிட்டது என்று திருப்திப்படக் கூடாது. கேமின் நிரல் இருக்கும் பகுதிகளுக்கு இரண்டு அடுக்குப் பிழைதிருத்தம் உண்டு, அதாவது படிக்க முடியாமல்போன தகவலைக் கணக்கிட்டு மீட்கும் ஏற்பாடு. எக்ஸ்ஏ எனப்படும் சுருக்கிப் பதிந்த கேம் ஒலிக்கும் சாதாரண ஆடியோ டிராக்குக்கும் ஓரடுக்குத்தான். காட்சிப் படங்கள் ஓடும்போதோ கன்சோலுக்கு மறுபடி படித்துப் பார்க்க நேரமே இருக்காது. அதனால் பேச்சு கரகரப்பது, இசை விட்டுவிட்டு வருவது, காட்சி உறைவது ஆகியவைதான் முதல் அறிகுறிகள். எல்லா டிஸ்க்கிலும் இது தெரிந்தால் குற்றம் டிஸ்க்கில் இல்லை, கன்சோலின் லென்ஸில்.

கேள்வி: கீறலுக்குப் பற்பசை தேய்க்கலாமா? பாலிஷ் இயந்திரம் பரவாயில்லையா?

பதில்: பற்பசை வேண்டவே வேண்டாம். அதன் துகள்கள் ஒரே அளவில் இருக்காது, கையழுத்தமும் இடத்துக்கு இடம் மாறும். ஒரு கீறல் போய் நூறு மெல்லிய கீறல் வரும்.

பாதிக் கீறல்கள் உண்மையில் அழுக்குதான், ஆகவே முதலில் சுத்தம் செய்யுங்கள். காற்றூதியால் தூசியை அகற்றுங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு போகாவிட்டால் அடிப்பக்கத்தில் மட்டும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் பாதை வட்டமாக ஓடுகிறது. அதே திசையில் ஒரு கீறல் விழுந்தால் தொடர்ச்சியாக நிறையத் தகவல் போய்விடும். பிழைதிருத்தம் பாதையின் நீளத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இழப்பைத்தான் தாங்கும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் மயிரிழை அளவே மறைக்கும். அசிட்டோன், தின்னர், பெட்ரோல், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் எதையும் அருகே கொண்டுவராதீர்கள். டிஸ்க்கை நீரில் ஊறவைப்பதும் கூடாது.

அதற்குப் பிறகும் படிக்காவிட்டால் நல்ல இயந்திரத்தில் பாலிஷ் போடலாம். சிடியில் அடிப்பக்கத்துக்கும் தகவலுக்கும் நடுவே 1.2 மில்லிமீட்டர் இருக்கிறது, டிவிடியில் 0.6. புளூ-ரேயில் 0.1 மட்டுமே, அதுவும் கடினப் பூச்சு சேர்த்து. ஆகவே பிளேஸ்டேஷன் 3, 4 டிஸ்க்குகளைப் பாலிஷ் இயந்திரத்தில் வைத்தால் கெடுத்துவிடுவீர்கள். சிடியில் கீறல் வழியே வெளிச்சம் தெரிந்தால் அது லேபிள் பக்கத்துக் கீறல். அதை எந்தப் பாலிஷும் மீட்காது.

கேள்வி: வாங்கிய டிஸ்க்கின் லேபிள்மேல் வாடகைக் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. உரிக்கலாமா?

பதில்: சிடியானால் தொடாதீர்கள். ஸ்டிக்கரோடு அரக்கும் அலுமினியமும் சேர்ந்தே உரிந்து வரும். டிவிடியில் தகவல் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் ஆபத்து குறைவு, ஆனாலும் அவசரம் வேண்டாம். எழுத வேண்டுமானால் நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில், நீர் கலந்த மையால் மட்டும்.

கேள்வி: நடுத்துளை ஓரத்தில் ஒரு சின்ன விரிசல். கேம் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: விரிசல் தெளிவான வளையத்தோடு நின்றிருந்தால் தகவல் பத்திரம். ஆனால் சுழலச் சுழல அது நீளும். அதிவேகக் கணினி டிரைவில் போடவே கூடாது. 52 மடங்கு வேகத்தில் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை போகும், டிஸ்க் உடைந்து சிதறும். வேகத்தைக் குறைத்து ஒரே ஒரு முறை நகலெடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள். இந்த விரிசலுக்குக் காரணம் பெட்டியிலிருந்து வளைத்து இழுப்பது. நடுப்பிடியைக் கட்டைவிரலால் அழுத்தினால் டிஸ்க் தானே எழும்பும். டிவிடியை வளைத்தால் ஒட்டிய இரண்டு தகடுகளும் பிரியத் தொடங்கும்.

கேள்வி: நூறு டிஸ்க்குகளை எப்படி வைப்பது? இடம் மிச்சமாகும் என்று பக்கங்கள் கொண்ட ஆல்பம் வாங்கலாமா?

பதில்: ஆல்பம் வேண்டாம். பக்கங்களின் அழுத்தமும் இடுக்கில் சேரும் மணல்துகளும் லேபிள் பக்கத்தைத் தேய்க்கும். பிவிசி உறைகள் வெப்பத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுப்பிடி உள்ள கெட்டியான பெட்டியில், புத்தகம்போல் நிற்கவைத்து அடுக்குங்கள். வருடக்கணக்கில் படுக்கவைத்தால் டிஸ்க் வளையக்கூடும். பல டிஸ்க் தொகுப்புகளில் ஸ்பாஞ்ச் அட்டை இருந்தால் எடுத்துவிடுங்கள். பாலியூரித்தேன் ஸ்பாஞ்ச் பழசாகும்போது பிசினாகி டிஸ்க்கின்மேல் உருகி ஒட்டும்.

அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் வெளியிட்ட கையேட்டின்படி, நெடுநாள் வைக்க வெப்பம் 4 முதல் 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். அந்த அளவு கிடைக்காத வீட்டில் நிலையான அளவையாவது பிடியுங்கள். பகலில் கொதித்து இரவில் குளிரும் பரண், சமையலறையை ஒட்டிய சுவர், வெளிச்சுவரோடு ஒட்டிய அலமாரி மூன்றும் ஆகாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஓர் ஈரப்பதமானியும் போட்டு, அளவு 50ஐத் தாண்டும்போது ஜெல்லை மாற்றுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து எடுத்த பெட்டியை உடனே திறக்காதீர்கள், அறை வெப்பத்துக்கு வரும்வரை விடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்கின்மேல் நீர் துளிர்க்கும். வீட்டில் எழுதிய சிடி-ஆர் இருந்தால் அதற்கு வெயில்தான் முதல் எதிரி. அதில் தகவல் இருப்பது சாயத்தில்.

கேள்வி: கணினியில் நகலெடுக்க, டிஸ்க்கின் தகவலை ஒரே கோப்பாக்கும் ஐஎஸ்ஓ வடிவம் போதுமா?

பதில்: பிளேஸ்டேஷன் 2 டிவிடிக்குப் போதும். முதல் பிளேஸ்டேஷன், சேகாவின் சாட்டர்ன் கன்சோல் ஆகியவற்றின் சிடிக்களுக்குப் போதாது. ஐஎஸ்ஓவில் ஆடியோ டிராக்குகள் விடுபட்டுப்போகும். செக்டர் எனப்படும் ஒவ்வொரு தகவல் துண்டிலும் 2352 பைட் முழுமையாக எடுக்கும் பின்/கியூ (.bin/.cue) வடிவமே சரி. முதல் பிளேஸ்டேஷனின் ஐரோப்பியப் பதிப்புகள் சிலவற்றில் நகல் தடுப்பு, முதன்மைத் தகவலோடு ஓடும் சப்சேனல் என்ற துணைத் தகவலில் இருக்கிறது, அதையும் சேர்த்து எடுக்க வேண்டும். சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோலுக்கான ஜிடி-ராம் என்ற தனி வகை டிஸ்க்கைச் சாதாரண கணினி டிரைவ் படிக்காது.

குறைந்த வேகத்தில் இரண்டு முறை, முடிந்தால் இரண்டு வேறு டிரைவ்களில் எடுத்து, கோப்பின் கைரேகைபோன்ற எஸ்எச்ஏ-1 மதிப்பை ஒப்பிடுங்கள். பிறகு கேம் டிஸ்க்குகளின் மதிப்புகளைத் திரட்டிவைத்திருக்கும் ரீடம்ப் இணையத் தரவுத்தளத்தில் அதே பதிப்பின் மதிப்போடு சரிபாருங்கள். பொருந்தினால் உங்கள் டிஸ்க் இன்றைக்கு ஒரு பைட்கூட இழக்கவில்லை. பொருந்தாவிட்டால் அடிப்பக்கத்தைத் துடைத்து மறுபடி முயலுங்கள், எந்த டிராக் பொருந்தவில்லை என்பதையும் குறித்துவையுங்கள். துளை தெரிந்த டிஸ்க்குகள் வரிசையில் முதலில் வரட்டும்.