பழைய யிங்லிங் பீர் தட்டு: எந்தக் காலத்தது, எப்படித் துடைப்பது?

கேள்வி இது: 12 அங்குல வட்டத் தகரத் தட்டில் "டி. ஜி. யிங்லிங் அண்ட் சன், பாட்ஸ்வில்" என்று இருக்கிறது, நூறு வருஷம் பழசா, துருவைத் தேய்த்து எடுக்கலாமா?

முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். பீர் கிளாஸ்களைப் பரிமாறக் கொடுத்த இந்த விளம்பரத் தட்டுகளுக்கு மதிப்பே மேலே இருக்கும் அச்சும் வார்னிஷும்தான். ஒருமுறை போனால் திரும்ப வராது.

காலத்தைப் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. டேவிட் யிங்லிங் 1829-இல் பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊரான பாட்ஸ்வில்லில் பீர் ஆலையைத் தொடங்கினார். 1831-இல் அது எரிந்துபோக, மஹான்டாங்கோ தெருவுக்கு மாறினார்கள். குளிர்பதனம் வராத காலத்தில் பீரைக் குளிர வைக்க அங்கே மலைச்சரிவைக் குடைந்து குகை வெட்டினார்கள். மகன் ஃபிரெடரிக் பங்குதாரரானதும் 1873-இல் "அண்ட் சன்" சேர்ந்தது. அதன் பிறகு பெயர் மாறவே இல்லை, அதனால் அந்தச் சொல்லை வைத்து ஒன்றும் பிடிபடாது.

பிடி கொடுப்பது சரக்கின் பெயர்தான். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. அப்போது பொறுப்பில் இருந்தவர் பேரன் ஃபிராங்க் யிங்லிங். ஆல்கஹால் பெயருக்கு மட்டும் இருந்த "நியர் பீர்" காய்ச்சியும், தெருவுக்கு எதிரே பால்பண்ணை வைத்து ஐஸ்கிரீம் விற்றும் குடும்பத்தொழிலை அவர் காப்பாற்றினார். பெரிய பெரிய ஆலைகளே மூடிப்போன காலத்தில் இது சாதாரண காரியம் இல்லை. தட்டில் "வின்னர் பீர்" என்றிருந்தால் 1933-க்கு முந்தியதில்லை, தடை நீங்கியதைக் கொண்டாட வந்த பெயர் அது. "பிளாக் அண்ட் டான்" என்றிருந்தால் 1980-களின் பிற்பகுதி அல்லது அதற்கும் பின். ஐந்திலக்க அஞ்சல் எண் இருந்தால் 1963-க்கு முன் இருக்க வாய்ப்பே இல்லை.

அடுத்து விளிம்பைப் பாருங்கள். படத்தின் ஓரத்தில், கடுகளவு எழுத்தில், தட்டை அச்சடித்தவர் பெயர் இருக்கலாம். ஒஹையோவின் கோஷாக்டன் ஊர் இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அங்கிருந்த மீக் கம்பெனி 1909-இல் "அமெரிக்கன் ஆர்ட் ஒர்க்ஸ்" என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆக அந்தப் பெயர் இருந்தால் 1909-க்கு முந்தியதில்லை.

நகலா என்று பார்க்க 10 மடங்கு லென்ஸ் போதும். பழைய லித்தோ (கல்லச்சு) முறையில் அச்சடித்த படத்தில் முகத்தின் நிழல் பகுதி ஒழுங்கில்லாத பொடிப்புள்ளிகளாகத் தெரியும். நாலு வண்ணப் புள்ளிகள் பூவிதழ் போல ஒரே சீராகச் சுற்றி நின்றால் பிற்கால அச்சு என்று சந்தேகப்படலாம். தேய்மானமும் பேசும்: புழங்கிய தட்டில் பாட்டிலும் கிளாஸும் உரசிய வளையக் கீறல்கள் நடுவில் குவிந்திருக்கும். துரு எங்கும் ஒரே அளவாக இருந்தால் அதை யாரோ வரவழைத்திருக்கிறார்கள்.

சுத்தம் செய்ய, கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 2 சொட்டு மென்மையான பாத்திர சோப்புத் திரவம் விட்டுக் கலக்குங்கள். பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, முதலில் விளிம்பில் ஒரு சிறு இடத்தில் உருட்டிப் பாருங்கள். பஞ்சில் அழுக்கின் பழுப்பு வந்தால் சரி. சிவப்போ பச்சையோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு சதுர அங்குலமாகத் துடைத்து, வெறும் தண்ணீர்ப் பஞ்சால் சோப்பை எடுத்து, உடனே உலர்த்துங்கள். ஊற வைக்கவே கூடாது. பெயர்ந்த இடம் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால், வண்ணத்துக்கு அடியில் துரு பரவி அச்சையே உரித்துத் தள்ளும். அசிட்டோன், தின்னர் வார்னிஷைக் கரைக்கும்; பல்பொடி கீறும்.

முகப்பில் இருக்கும் துருவை விட்டுவிடுங்கள். பின்புறம் வெறும் தகரமாக இருக்கும் இடத்தில் மட்டும், 0000 நம்பர் ஸ்டீல் உல்லில் (மிக மெல்லிய எஃகு இழைப் பஞ்சு) துளி மெஷின் எண்ணெய் தொட்டு லேசாகத் தேய்க்கலாம். எண்ணெயைத் துடைத்தெடுத்து, தட்டு முழுக்கக் காய்ந்த பிறகு, மெருகுத்தூள் கலக்காத கார்னோபா மெழுகை (ஒரு பனைவகை இலையிலிருந்து எடுப்பது) மெல்லிய பூச்சாகப் பூசி, பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

மாட்டும்போது துளை போடாதீர்கள். ரப்பர் உறை போட்ட தட்டுக் கொக்கி போதும். வெயில் படாத சுவராகப் பாருங்கள், சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும்.