இசிபாஹா மரம்: பட்டையை விடுங்கள், இலை போதும்

தென்னாப்பிரிக்காவின் மிளகுப்பட்டை மரத்தைப் பற்றிப் பல பேர் கேட்டிருந்தீர்கள். டர்பனில் மருந்துச்செடி நாற்றுகள் வளர்ப்பதுதான் என் வேலை. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, இது நம்ம மிளகுக்கு உறவா?

உறவில்லை. மிளகு கொடி, இது மரம். வார்பர்கியா சலூட்டாரிஸ் என்பது தாவரவியல் பெயர். ‘சலூட்டாரிஸ்’ என்றால் லத்தீனில் உடல்நலம் தருவது என்று பொருள். ஜூலு மக்கள் இதை இசிபாஹா என்கிறார்கள். காரம் மட்டும்தான் மிளகை நினைவூட்டும். ஒரு இலையைக் கிள்ளி மென்றால் முதலில் வெறும் பச்சிலைக் கசப்புதான். துப்பலாமா என்று நினைக்கும்போது நாக்கின் நுனியில் சுருக்கென்று ஏறும். அப்புறம் தொண்டை வரைக்கும் எரியும், தண்ணீர் குடித்தாலும் சீக்கிரம் அடங்காது.

எதற்கெல்லாம் கொடுக்கிறார்கள்? உண்மையில் கேட்குமா?

இருமல், சளி, வாய்ப்புண், மலேரியாக் காய்ச்சல். பட்டையைப் பொடித்து மூக்கில் உறிஞ்சுவார்கள், கஷாயம் வைப்பார்கள், சின்னத் துண்டை மென்று சாற்றை விழுங்குவார்கள். காரத்துக்குக் காரணமான வேதிப்பொருள்களுக்குப் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்கும் சக்தி இருப்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் ஆய்வுக்கூடம் வேறு, நோயாளியின் உடம்பு வேறு. வாரக்கணக்கில் இருமல் நிற்கவில்லை என்றால் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். காசநோய்க்கு இது மருந்தில்லை. இதை நான் அழுத்தியே சொல்வேன்.

நான் இலங்கை, காலியிலிருந்து கேட்கிறேன். எங்கட ஊரில கறுவா மரத்தை வெட்டிப் பட்டை உரிக்கிறாங்கள், திரும்பத் தளிர்க்குது. இசிபாஹா மட்டும் ஏன் அழியுது?

நல்ல கேள்வி. கறுவா தோட்டப்பயிர். ஒருவர் நட்டு, அடியோடு வெட்டி, துளிர்க்கும் கிளை விரல் தடிக்கு வரும்வரை காத்திருந்து உரிக்கிறார். மரம் அவருடையது, அடுத்த வருஷமும் அவருக்கு வேண்டும். இசிபாஹா காட்டு மரம். இன்று நான் விட்டுவைத்தால் நாளை இன்னொருவர் உரித்துக்கொண்டு போவார். அதனால் ஒரே நாளில் அடிமரத்தைச் சுற்றி முழுக்க உரித்துவிடுகிறார்கள். இலையில் சமைத்த உணவு பட்டையின் உள்பக்கம் வழியாகத்தான் வேருக்கு இறங்கும். சுற்றிலும் உரித்தால் அந்த வழி அறுந்து வேர் பட்டினி கிடக்கும். இசிபாஹாவும் லேசில் சாகாது, அடியிலிருந்து துளிர்க்கும். ஆனால் அந்தத் துளிர் பூத்துக் காய்க்கும் வயதுக்கு வருமுன் அதையும் வெட்டிவிடுகிறார்கள். சில இடங்களில் வேர்ப்பட்டைக்காக மண்ணையும் தோண்டிவிடுகிறார்கள். டர்பன் வார்விக் சந்தையில் மூலிகை விற்கும் பெண்களிடம் நான் பட்டைத் துண்டின் தடிமனைத்தான் முதலில் பார்ப்பேன். அட்டை மாதிரி மெல்லிசாக இருந்தால் அது இளமரம் என்று தெரிந்துவிடும்.

அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வராது. ஜூலுவில் மரத்துக்கும் மருந்துக்கும் ‘உமுத்தி’ என்று ஒரே சொல்தான். மரமில்லாமல் அவர்கள் வைத்தியமே இல்லை.

பட்டைக்குப் பதில் வேறு வழி உண்டா?

உண்டு, இலை! 2001-ல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் இலையையும் பட்டையையும் ஒப்பிட்டுப் பார்த்து, பட்டைக்குப் பதிலாக இலையைப் பயன்படுத்த வேதியியல் அடிப்படை இருக்கிறது என்று எழுதினார்கள். இலையைப் பறித்தால் மரம் மறுபடி விடும். வைத்தியர்கள் உடனே ஒத்துக்கொள்வதில்லை, தலைமுறை தலைமுறையாகப் பட்டையில் பழகிய கை. நான் வாதாடுவதே இல்லை. இலையை நீட்டி ‘மென்று பாருங்கள்’ என்பேன். எரிந்ததும் பாதிப்பேர் தலையாட்டுவார்கள்.

இன்னும் எங்கே மிச்சம் இருக்கிறது?

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு, எஸ்வாட்டினி, மொசாம்பிக்கின் தெற்கு. க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள்ளேயே திருட்டுத்தனமாகப் பட்டை உரிக்கிறார்கள். ஜிம்பாப்வேயின் கிழக்கு மலைப்பகுதியில் காட்டில் ஏறக்குறைய ஒழிந்தேபோய், தென்னாப்பிரிக்காவிலிருந்து போத்து கொண்டுபோய் விவசாயிகளின் நிலத்தில் நட்டார்கள். க்ரூகரைச் சுற்றியுள்ள வைத்தியர்களுக்கும் ஊர்மக்களுக்கும் நாற்றுகள் கொடுக்கும் திட்டம் நடக்கிறது. டர்பன் மாநகராட்சிக்கும் சில்வர்கிளென்னில் மருந்துச்செடிப் பண்ணை உண்டு. நம் ஆட்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்துக்குப் பக்கம்தான் அது.

ஆன்லைனில் பட்டைப்பொடி விற்கிறார்கள், வாங்கலாமா?

வேண்டாம். எந்த மரத்தில் உரித்தது என்று பொடியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறேன். விதை கிடைத்தால் எப்படிப் போடுவது?

பழுத்த காய் கிடைப்பதே கஷ்டம், குரங்குகள் முந்திக்கொள்ளும். கிடைத்தால் சதையைக் கழுவி அன்றைக்கே போடுங்கள். காயவைத்து டப்பாவில் எடுத்துவைத்தால் முளைப்பு போய்விடும். ஆற்றுமணல் கலந்த மண், நிழல், ஈரம் போதும். உங்கள் ஊர்ப் பனி இளஞ்செடியைக் கருக்கிவிடும், அதனால் முதல் சில குளிர்காலம் தொட்டியிலேயே வைத்து ராத்திரியில் உள்ளே எடுத்துவிடுங்கள்.