தீயணைப்புக் குழாயைத் தேடிக் களைத்தவர்களுக்கு

இணையத்தில் நாம் மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சா படம், தீயணைப்புக் குழாய் உள்ள பெட்டிகளைத் தொடச் சொல்கிறது. அப்படி ஒன்றை நான் கண்டதேயில்லை. (அக்கரைப்பற்று)

வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை யாரைக் கேட்டாலும் முழிக்கத்தான் செய்வார்கள். இந்தப் படங்களில் நிறைய அமெரிக்கத் தெருக்களில் எடுத்தவை. அங்கே நடைபாதை ஓரமாக, முழங்காலை விடக் கொஞ்சம் உயரமாய், பக்கவாட்டில் மூடி போட்ட குட்டை இரும்புக் குழாய் நிற்கும். பெரும்பாலும் சிவப்பு அல்லது மஞ்சள். பாடசாலை பஸ்ஸைக் கேட்டால் மஞ்சள் பஸ்ஸைத் தேடுங்கள். நம்ம சிவப்பு இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸை நினைத்தால் சரிவராது.

சிக்னல் விளக்கைக் கேட்டால் கம்பமும் சேர்த்தியா? (கல்லடி)

விளக்கை மட்டும் தொடுங்கள். ஒரு பெட்டி கூடிக் குறைந்தாலும் பல நேரம் விட்டுவிடும்.

வீட்டு வைஃபையில் ஒரே கிளிக்கில் முடிகிறது. மொபைல் டேட்டாவில் படத்துக்கு மேல் படம். ஏன்? (களுவாஞ்சிக்குடி)

படம் வருவதற்கு முன்பே உங்களை எடைபோட்டாயிற்று. 2014இல் கூகுள் 'நான் ரோபோ அல்ல' பெட்டியைக் கொண்டுவந்ததிலிருந்து உங்கள் இணைய இணைப்பின் எண் முகவரி (ஐபி), பிரவுசரில் தளங்கள் சேமித்து வைக்கும் சிறு பதிவான குக்கீ, நீங்கள் பக்கத்தில் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் கணக்கில் வருகின்றன. மொபைல் டேட்டாவில் முன்பின் தெரியாத பலர் ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். அவர்களில் ஒருவரின் போனில் வைரஸ் இருந்தாலும் சந்தேகம் உங்கள் தலையிலும் விழும். விபிஎன் (உங்கள் ஐபி முகவரியை மறைக்கும் செயலி) போட்டிருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

ஒரு தளத்தில் 'மனிதர் என நிரூபிக்க விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் அழுத்தி, பேஸ்ட் செய்து என்டர் தட்டுங்கள்' என்று வந்தது. செய்துவிட்டேன். (கல்முனை)

முதலில் அந்தக் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

துண்டித்தாச்சா? சரி. அது கேப்சாவே இல்லை. நீங்கள் கிளிக் செய்தபோது அந்தப் பக்கம் சத்தமில்லாமல் ஒரு கட்டளையை கொப்பி செய்து வைத்தது. அதை நீங்களே பேஸ்ட் செய்து, உங்கள் கையாலேயே ஓடவிட்டிருக்கிறீர்கள். இப்படி வருவது பெரும்பாலும் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் மென்பொருள்.

இன்னொரு போனிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள், பிறகு பேஸ்புக், மற்றவை. 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதையும் மறக்காமல் அழுத்துங்கள்; இல்லாவிட்டால் பழைய லொகினோடு உள்ளேயே இருப்பார்கள். வங்கிக்கும் இன்றே அழையுங்கள். வைரஸ் ஸ்கேன் மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதுதான் நிம்மதி.

உண்மையான கேப்சா பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடும். விசைப்பலகையில் குறுக்குவழி அழுத்தச் சொன்னால் பக்கத்தை மூடுங்கள். போனில் 'ரோபோ இல்லையென்றால் அலோ (Allow) அழுத்துக' என்று வருவதும் ஏமாற்றுத்தான்; அழுத்தினால் நாள் முழுக்க விளம்பர அறிவித்தல்கள் வந்து குவியும்.

ரோபோக்களால் இந்தப் படங்களைத் தீர்க்க முடியாதா? (வந்தாறுமூலை)

தாராளமாக முடியும். 2024இல் சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூகுளின் படப் பெட்டிகளை 100 வீதம் தீர்த்துக் காட்டினார்கள். சில தளங்களில் இப்போது படமே வராது: 2018இல் வந்த கூகுளின் பதிப்பு, நீங்கள் மனிதர்தானா என்று 0 முதல் 1 வரை ஒரு புள்ளி போட்டுத் தளத்திடம் கொடுத்துவிடும். என்னைக் கேட்டால், படங்கள் இன்று ரோபோவை விட மனிதரைத்தான் அதிகம் களைக்க வைக்கின்றன.

அப்பாவுக்குக் கண் பார்வை குறைவு. (ஏறாவூர்)

கீழே ஹெட்போன் அடையாளம் இருக்கும். தொட்டால் ஒலியாக வரும், கேட்டதைத் தட்டச்சு செய்யலாம். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் பேசும் என்பதால் முதல் தடவை நீங்களும் பக்கத்தில் இருங்கள். விளங்காவிட்டால் வட்ட அம்புக்குறியைத் தொட, வேறொன்று வரும்.