பிரசங்கத்துக்கு முன் ‘விசேஷ வல்லமை’ கேட்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் சபையில் அவ்வப்போது பிரசங்கிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூத்த ஊழியர் ஒருவர், “அபிஷேகம் இறங்குவதை உணராமல் பிரசங்க பீடத்தில் ஏறாதே, உபவாசமிருந்து காத்திரு” என்கிறார். என் நண்பரோ, “வசனத்திலேயே வல்லமை இருக்கிறது, தனியாக வல்லமை கேட்பது வசனத்தை நம்பாததற்குச் சமம்” என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: கேளுங்கள் சகோதரரே. ஒவ்வொரு முறையும் கேளுங்கள். உங்கள் நண்பர் வசனத்தை உயர்த்தத்தான் அப்படிச் சொல்கிறார், ஆனால் அவர் சொல்வது சரியென்றால் முதலில் பவுலைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கும். சுவிசேஷம் இரட்சிப்புக்கேற்ற தேவபெலன் என்று ரோமருக்கு எழுதிய அதே பவுல்தான், விலங்கிடப்பட்டிருக்கும்போது எபேசு சபைக்கு எழுதி, நான் வாயைத் திறக்கும்போது வார்த்தை எனக்குக் கொடுக்கப்படவும், பேசவேண்டியபடி தைரியமாய்ப் பேசவும் எனக்காக ஜெபியுங்கள் என்று கேட்கிறார் (6:19, 20). கொலோசெயருக்கு எழுதும்போது, சுவிசேஷத்தின் இரகசியத்தைத் தெளிவாக வெளிப்படுத்த வேண்டும், அதற்காக ஜெபியுங்கள் என்கிறார். வசனத்தில் வல்லமை இருக்கிறது என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? தெரிந்ததால்தான் கேட்டார். வசனத்தை எழுதவைத்த ஆவியானவர்தான் அதைக் கேட்பவன் மனதைத் திறக்கவும் வேண்டும். வசனம் ஒரு பக்கம், ஆவியானவர் ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தால் இரண்டு பேரையும் அவமதிக்கிறோம்.

“ஆவியானவர் சீஷர்கள்மேல் ஊற்றப்பட்ட பெந்தெகொஸ்தே நாளில் கிடைத்தது போதாதா?” என்றும் சிலர் கேட்பதுண்டு. அப்போஸ்தலர் நடபடிகளைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தாலே பதில் கிடைத்துவிடும். இரண்டாம் அதிகாரத்தில் ஆவியால் நிரப்பப்பட்ட பேதுரு, நாலாம் அதிகாரத்தில் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிற்கும்போது மறுபடி நிரப்பப்படுகிறார். விடுதலையாகி வந்து எல்லாரும் சேர்ந்து ஜெபித்தபோது இன்னொரு முறை. அந்த ஜெபத்தில் அவர்கள் தங்களுக்கென்று கேட்டது என்ன தெரியுமா? மிரட்டல்களுக்கு நடுவே வசனத்தை முழு தைரியத்தோடு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பாதுகாப்புகூடக் கேட்கவில்லை.

சரி, அந்த மூத்த ஊழியர் சொன்னதற்கு வருவோம். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். ஜெபிக்கச் சொன்னது நல்லது, உபவாசமும் நல்லது. “உணராமல் ஏறாதே” என்பது எங்கே எழுதியிருக்கிறது? உன்னதத்திலிருந்து வரும் பெலனால் தரிப்பிக்கப்படும்வரை எருசலேமில் இருங்கள் என்று இயேசு சொன்னதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அது ஆவியானவர் ஊற்றப்படுவதற்கு முன்னால் சீஷர்களுக்குச் சொன்னது. அந்த நாள் வந்தாயிற்று. அதற்குப் பிறகு, அபிஷேகத்தை உணரும்வரை வாயைத் திறக்காமல் காத்திருந்த பிரசங்கி ஒருவரைக்கூட நடபடிகளில் நான் பார்க்கவில்லை. பிலிப்பு ரதத்தண்டை ஓடிப்போய், அதில் உட்கார்ந்திருந்த எத்தியோப்பிய மந்திரி வாசித்துக்கொண்டிருந்த ஏசாயாவின் பகுதியிலிருந்தே தொடங்கிவிடுகிறார்.

உணர்வு என்று பார்த்தால் கொரிந்துவுக்குப் போன பவுலுக்கு என்ன உணர்வு இருந்தது? பலவீனம், பயம், மிகுந்த நடுக்கம் – அவரே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 2:3). அடுத்த வசனத்திலேயே, தன் பிரசங்கம் ஆவியினாலும் பெலத்தினாலும் உறுதிப்படுத்தப்பட்டது என்கிறார். இந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள் தம்பி, ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்காதீர்கள். நடுக்கம் போய் அப்புறம் வல்லமை வந்தது என்று அவர் எழுதவில்லை. நடுங்கிக்கொண்டிருந்த மனிதன் வழியாகவே கேட்டவர்களிடத்தில் வல்லமை வேலை செய்தது. அப்படியிருக்க, உள்ளே ஒரு சூடு, உடம்பில் ஒரு சிலிர்ப்பு, வார்த்தை தடையில்லாமல் கொட்டுவது, இதையெல்லாம் அளவுகோலாக வைத்துக்கொண்டு எத்தனை இளம் பிரசங்கிகள் தங்களையே வதைத்துக்கொள்கிறார்கள்! சிலர் அந்த உணர்வு வராதபோது குரலை உயர்த்தி, மைக்கை அதிரவிட்டு அதை உண்டாக்கப் பார்க்கிறார்கள். சபையும் அதையே அபிஷேகம் என்று பழகிவிடுகிறது. பெரிய கொடுமை அது.

அமெரிக்கப் பிரசங்கியார் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் 1741ஆம் ஆண்டு ஜூன் மாதம் நார்த்தாம்ப்டனில் தன் சொந்த சபையில் ஒரு பிரசங்கம் செய்தார், குறிப்பிடும்படி ஒன்றும் நடக்கவில்லை. அதே பிரசங்கத்தை ஜூலை 8ஆம் தேதி என்ஃபீல்டு என்ற ஊரில் செய்தபோது, ஜனங்கள் கதறியதில் அவர் நிறுத்த வேண்டியதாயிற்று. அவர் ஆர்ப்பாட்டமாகப் பேசுகிறவரும் இல்லை. இந்த வித்தியாசத்துக்கு ஒரு சூத்திரம் கண்டுபிடித்து, இத்தனை நாள் உபவாசம் இருந்தால் இது நடக்கும் என்று சொல்ல யாராலும் முடியாது. கேட்க நமக்கு அனுமதி உண்டு, கட்டளையிட உரிமை இல்லை. அந்த வல்லமையைக் காசு கொடுத்து வாங்க நினைத்த மாயவித்தைக்காரன் சீமோனைப் பேதுரு எப்படிக் கடிந்துகொண்டார் என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. ‘அபிஷேகம் பெற்ற ஊழியர்’ என்று ஒரு தனி ஜாதியைப் புதிய ஏற்பாடு உண்டாக்கவில்லை. நீங்கள் அபிஷேகம் பெற்றிருக்கிறீர்கள் என்று யோவான் எழுதியது (1 யோவான் 2:20) சாதாரண விசுவாசிகளுக்கு. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கும் பாட்டியம்மாவுக்கும் அது உண்டு, நீங்கள் சொல்வது வசனத்தோடு ஒத்துப்போகிறதா என்று அவர் சோதித்துப் பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும்.

படிக்காமல் போவதற்கு ஜெபத்தைச் சாக்காக்காதீர்கள். “உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்” என்ற 81ஆம் சங்கீதத்தைத் தயாரிப்பில்லாத பிரசங்கிகள் எவ்வளவு காலமாகப் பாடாய்ப் படுத்துகிறார்கள்! அந்தச் சங்கீதத்தில் பிரசங்கமே இல்லை, தம் ஜனத்தைப் போஷிக்கும் தேவன் பேசுகிறார், கடைசியில் கோதுமையும் தேனும் வருகிறது. என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்று இயேசு சொன்னதும் நியாயசங்கங்களில் நிறுத்தப்படுகிறவர்களுக்கு. சபையில் போதிக்கிறவர்களைப்பற்றிப் பவுல் சொல்லும் வார்த்தை ‘பிரயாசப்படுகிறவர்கள்’. வாரம் முழுக்க அந்த வேதபகுதியோடு மல்லுக்கட்டுங்கள், புரியாத இடத்தில் நின்று ஜெபியுங்கள். அதுவும் வல்லமைக்கான ஜெபம்தான்.

அப்புறம், தனியாக ஜெபிக்காதீர்கள். பவுலே பிறரைக் கேட்டார். சனிக்கிழமை சபையில் இரண்டு மூன்று பேரிடம், இந்தப் பகுதியைப் பேசப்போகிறேன், இந்த இடம் எனக்குக் கடினமாக இருக்கிறது, தெளிவாகவும் பயமில்லாமலும் பேச ஜெபியுங்கள் என்று சொல்லுங்கள். உணர்வு வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிறு காலை ஏறிப் பேசுங்கள். பேசி முடித்தபின், எப்படி இருந்தது என்று ஆட்களை விசாரிப்பதற்கு முன்னால் திரும்பவும் முழங்காலில் நில்லுங்கள். விதைத்ததைப் பொல்லாங்கன் வந்து பறித்துக்கொள்வது அதற்குப் பிறகுதானே.