நூற்றில் எத்தனை பேருக்குப் பலன்? மருந்தாய்வு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை மாரடைப்பை 36 சதவீதம் குறைப்பதாகப் படித்தேன். நூறு பேர் சாப்பிட்டால் 36 பேர் தப்பித்துவிடுவார்களா?

பதில்: இல்லை. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான அஸ்காட் ஆய்வு தந்த எண் அது. இரத்தக் கொதிப்புடன் வேறு சில ஆபத்துக் காரணிகளும் உள்ள, ஆனால் அதுவரை மாரடைப்பு வராத பத்தாயிரத்துச் சொச்சம் பேரில், ஒரு பாதியினருக்கு 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினும் மறுபாதியினருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுக்கப்பட்டன. ஏறத்தாழ 3.3 ஆண்டுகளில், போலி மாத்திரை பெற்றவர்களில் 3 சதவீதத்தினருக்கும் மருந்து பெற்றவர்களில் 1.9 சதவீதத்தினருக்கும் மாரடைப்போ இதயத் தமனி நோயால் மரணமோ நேர்ந்தது. இந்த 3 என்பது 1.9 ஆனதைத்தான் 36 சதவீதக் குறைவு என்கிறார்கள். நோயாளியின் பக்கமிருந்து கணக்கிட்டால், சுமார் 90 பேர் மூன்றாண்டுகளுக்கு மேல் சாப்பிட்டதில் ஒருவர் தப்பித்திருக்கிறார். இரண்டு கணக்குமே சரிதான். ஆனால் முதலாவதை மட்டும் பெரிய எழுத்தில் போடுவது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு மீண்டும் வரும் ஆபத்து அதிகம் என்பதால், அவர்களில் நூற்றுக்கு இன்னும் கூடுதலானோர் பலன் பெறுவார்கள்.

கேள்வி: பரிசோதனை முடிவு சீரானால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே பொருள்?

பதில்: எப்போதும் அப்படியல்ல. மாரடைப்புக்குப் பின் ஏற்படும் சீரற்ற இதயத்துடிப்பை அடக்கினால் திடீர் மரணத்தைத் தடுக்கலாம் என்று நம்பி, என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற மருந்துகளை அமெரிக்காவில் பல மருத்துவர்கள் கொடுத்துவந்தனர். இதைச் சோதித்த காஸ்ட் ஆய்வில், இம்மருந்துகளால் துடிப்பு சீரானவர்களே சேர்க்கப்பட்டனர். 1991-இல் வெளியான கணக்கின்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும் போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தனர். இசிஜி சீராகியும் உயிரிழப்பு இரு மடங்குக்கு மேல் கூடியது. ஆகவே எந்த ஆய்விலும் அளக்கப்பட்டது உயிரா, நலமா, அல்லது ஆய்வகத்தில் கிடைத்த ஓர் எண் மட்டுமா என்பதையே நான் முதலில் தேடுவேன்.

கேள்வி: மருந்து நிறுவனமே நடத்தும் ஆய்வை நம்பலாமா?

பதில்: நிறுவனம் நடத்தியது என்பதற்காகவே தள்ளிவிட வேண்டியதில்லை. இந்தியாவில் 2009 முதல் மருந்தாய்வுகளைச் சிடிஆர்ஐ (CTRI) என்ற அரசுப் பதிவகத்தில் முன்கூட்டியே பதிவு செய்வது கட்டாயம். எதை முதன்மையாக அளக்கப்போகிறார்கள் என்பதும் அங்கே இருக்கும், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். பதிவில் மரணம் என்றிருந்து, வெளியான கட்டுரையில் கொழுப்பின் அளவு மட்டும் பேசப்பட்டால், அந்த முடிவை எளிதில் ஏற்காதீர்கள்.