மதுரை வெயிலில், லைட் போடாமல் பவளத் தொட்டி வைக்க முடியுமா?

கேள்வி கேட்ட நண்பருக்கு மதுரையில் பழைய காலத்து வீடு. நடுவில் முற்றம் உண்டு, மொட்டைமாடியும் உண்டு. கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறார். எல்.இ.டி. விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது, சூரிய ஒளியே போதாதா என்கிறார்.

போதும். தேவைக்குப் பல மடங்கு மேலேயே இருக்கிறது. எங்கள் வீட்டு முற்றத்திலும் நாலடித் தொட்டி ஒன்று வெயிலை மட்டும் நம்பி ஓடுகிறது. ஆனால் மதுரையில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. அதோடு சேர்ந்து வருகிற சூட்டைச் சமாளிப்பதுதான் முழு வேலையும். லைட்டில் மிச்சம் பிடித்த பணத்தைக் குளிர்ச்சிக்குச் செலவழிக்க மனம் இருந்தால் இறங்குங்கள்.

இது புதிய யோசனையும் அல்ல. 1961-லேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் வெயில், காற்றுக் குமிழி, உயிருள்ள கடற்பாறை ஆகியவற்றை மட்டும் வைத்துப் பவளம் வளர்த்ததை எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் காட்சியகத்துப் பெரிய பவளத் தொட்டியும் திறந்த வானத்தின் கீழ் அமைந்ததுதான்.

முதலில் மொட்டைமாடியை மறந்துவிடுங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் இறக்குகிறது. நாலடிக்கு இரண்டடித் தொட்டியின் மேற்பரப்பில் 700 வாட்டுக்கு மேல் விழும். இரண்டடி ஆழம் என்றால் 450 லிட்டர் தண்ணீர். கணக்குப்படி அது மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும். பவளத்துக்கு வசதியான சூடு 24-லிருந்து 27 டிகிரி. 30-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால், அதன் உடலுக்குள் இருந்துகொண்டு ஒளியை வாங்கி அதற்குச் சாப்பாடு போடுகிற நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும். 2010-லும் 2016-லும் நம் மன்னார் வளைகுடாவிலேயே கடல் சூடாகிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. கடலுக்கே அந்த நிலை என்றால், காங்கிரீட் தளத்தில் வைத்த கண்ணாடித் தொட்டி எந்த மூலைக்கு?

முற்றம் அப்படி இல்லை. காலையும் மாலையும் சுவர் நிழல் தானாகவே காக்கும். நடுப்பகலையொட்டிச் சில மணி நேரம் மட்டும் நேர்வெயில், மற்ற நேரம் வானத்து வெளிச்சம். கல் எலும்புக்கூடு இல்லாத மென்பவளங்களுக்கு இது தாராளம்.

தொட்டியை முற்றத்தில் எங்கே வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் யோசிப்பதில்லை. மதுரை கிட்டத்தட்ட 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. அதனால் சித்திரை பிறந்த ஓரிரு நாளில் சூரியன் நண்பகலில் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கும். ஆவணியில் மறுபடி உச்சிக்கு வந்து, அப்புறம் தெற்கே சாயும். தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து கூரை விளிம்பு எட்டடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் கடைசியில் தெற்குத் தாழ்வாரத்தின் நண்பகல் நிழல் ஐந்தடிக்கு மேல் வடக்கே நீளும். ஜூன் கடைசியில் வடக்குத் தாழ்வாரத்தின் நிழல் இரண்டடிதான் தெற்கே வரும். ஆகவே, வடக்கு விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி, தெற்கு விளிம்பிலிருந்து ஐந்தரை அடிக்குக் குறையாமல் விட்டு வைத்தால் வருஷம் முழுக்க நண்பகல் வெயில் கிடைக்கும். முற்றம் அவ்வளவு அகலம் இல்லையென்றால் கவலை வேண்டாம். மார்கழியில் நேர்வெயில் படாவிட்டாலும் மேலே திறந்த வானம் இருந்தாலே ஜோவா, மஷ்ரூம் என்கிற எளிய பவள வகைகள் தாங்கும்.

மேலே இரண்டு அடுக்கு தேவை. முதலாவது, நிறமில்லாத பாலிகார்பனேட் ஷீட். அது புற ஊதாக் கதிரைத் தடுக்கும். ஐப்பசி மழை தொட்டியில் விழுந்து உப்பைக் கெடுக்காமலும் பார்த்துக்கொள்ளும். ஆனால் முற்றத்தை முழுசாக அடைத்துவிடாதீர்கள், சூடான காற்று வெளியேற ஓரத்தில் ஒரு சாண் இடைவெளி கட்டாயம். இரண்டாவது, ஷேட் நெட். நர்சரிக்காரர்கள் போடுகிற பச்சை வலையைவிடக் கறுப்போ வெள்ளையோ நல்லது, ஒளியின் நிறம் மாறாது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நடுப்பகல் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும். 75 சதவீத வலை அதை 25,000 ஆக்கும். தண்ணீரும் ஆழமும் இன்னும் கொஞ்சம் குறைக்கும். ஜோவா, மஷ்ரூம் வகைகளுக்கு அவை இருக்கும் இடத்தில் 5,000 முதல் 10,000 லக்ஸ் கிடைத்தாலே போதும். அதனால் அவற்றைத் தரையோரம், பாறை நிழலில் வைத்து ஆரம்பித்து, வாரக்கணக்கில் மெதுவாக மேலே கொண்டுவர வேண்டும். கடை எல்.இ.டி.யில் வளர்ந்ததை வந்த அன்றே வெயிலில் வைத்தால் கருகிவிடும்.

வலை வெளிச்சத்தோடு வெயிலின் சூட்டையும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைக்கிறது என்பது இதில் பெரிய சௌகரியம். இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் சூடாக இருக்கும்போது அதே வெளிச்சம்கூடப் பவளத்துக்கு நஞ்சாகிறது. சூட்டில் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை தடுமாறி, உள்ளே கெடுதலான ஆக்சிஜன் சேர்மங்கள் உருவாகும். வெளுப்பது அப்படித்தான். அதனால் அக்னி நட்சத்திரம் முழுக்க நான் இரண்டாவது வலையையும் இழுத்துவிடுவேன். கொஞ்ச நாள் வெளிச்சம் குறைவதால் எந்தப் பவளமும் சாகாது.

குளிர்ச்சிக்கு முதல் ஆயுதம் சாதாரண மின்விசிறிதான். தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று அடிக்கிற மாதிரி வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் போனால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 450 லிட்டர் தொட்டியில் அது ஒன்றேகால் டிகிரிக்குச் சமம். தூத்துக்குடி, ராமேஸ்வரம் போன்ற கரையோர ஊர்களைவிட நம் ஊர்க் காற்று வறண்டது என்பதால் விசிறி இங்கே நன்றாகவே வேலை செய்யும், ஆடிக்காற்றில் இன்னும் பிரமாதம். ஆனால் மே மாதத்தில் ராத்திரியே சூடாகத்தான் இருக்கும், தண்ணீர் ஆற வழியில்லை. அந்த மாதங்களுக்குச் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிரவைக்கிற மிஷின், கட்டாயம். தொட்டியின் பின்னும் பக்கங்களிலும் தெர்மாகோல் ஒட்டிவிட்டால் சில்லரின் பாடு குறையும், பக்கவாட்டு வெளிச்சத்தில் கண்ணாடியில் பாசி பிடிப்பதும் நிற்கும். கரண்ட் போனால் அலை மோட்டாராவது ஓட இன்வெர்ட்டர் வேண்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், நீரோட்டம் நின்றால் மீன்கள்தான் முதலில் போகும்.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். அதனால் ஈடுகட்ட ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்கணும், உப்புநீர் அல்ல. போர் தண்ணீர் ஆகவே ஆகாது. வீட்டு ஆர்.ஓ. மிஷின்களில் பெரும்பாலும் குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மூலத் தண்ணீரைக் கலந்து விடுவார்கள். அதை மூடச் சொல்லி, கடைசியில் மிச்ச உப்புகளையும் பிடித்துவிடுகிற டி.ஐ. ரெசின் குழாய் ஒன்று சேர்த்து, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பாசிக்கு உரமான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறிவிட்டால், இந்த வெயிலில் முடிப்பாசி ஒரே வாரத்தில் பாறையை மூடிவிடும். சம்ப் எனப்படும் துணைத் தொட்டியில், இந்த உரத்தை உறிஞ்சிக்கொள்ளும் கீட்டோ பாசியை வளர்த்து அவ்வப்போது அள்ளி வெளியே போடுவது நல்ல பழக்கம்.

பவளம் எங்கே வாங்குவது என்பதற்கு வருகிறேன். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் போய்க் கரையில் கிடக்கிறதே என்று ஒரு துண்டைக்கூட எடுக்காதீர்கள். கல்பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, கடல்விசிறியும் அப்படித்தான். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகத் தூத்துக்குடிப் பக்கம் வெட்டி எடுத்த பவளம் கொஞ்சமல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இப்போது நீரில் மூழ்கிவிட்டன. நான் கல்பவளமே வைப்பதில்லை. ஜோவா, மஷ்ரூம், சீனியா, லெதர் வகைகளைப் பில்லோடு, இன்னொரு தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டாக வாங்குங்கள். பாறைக்குச் சிமென்டும் கல்லுப்பும் கலந்து வார்த்து, காரம் இறங்கும் வரை தண்ணீர் மாற்றி மாற்றி ஊறப்போட்டால் போதும். மீனுக்கு, பண்ணையில் பொரித்த நிமோ மீனே கிடைக்கிறது.

படங்களில் பார்க்கிற பளீர் நீல, ஆரஞ்சு நிறத்தை வெயிலில் எதிர்பார்க்க வேண்டாம். அது நீல விளக்கின் வேலை. வெயிலில் பவளம் பழுப்பும் பச்சையுமாகத்தான் தெரியும். ஆனால் பத்து மணி வாக்கில் வெயில் பாறையின் உச்சியைத் தொடும்போது, மொட்டாகச் சுருங்கியிருந்த ஜோவாக்கள் ஒவ்வொன்றாக விரிந்து, விளிம்பில் இருக்கிற இழைகளை நீட்டும். ஒரு மணிக்குப் பாறைமேல் ஆக்சிஜன் முத்து முத்தாக நிற்கும். அலையின் வெளிச்சக் கோடுகள் மணலில் ஓடும். மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டிய தொட்டி இது. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர் என்றால், ராத்திரி ஒரு மணி நேரம் பார்க்க மட்டும் சின்ன நீல விளக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கிறீர்கள் என்றால் பங்குனியில் தொட்டியை வைத்து, உப்புநீரும் பாறையும் மட்டும் போட்டு, விசிறி, வலை, சில்லர் எல்லாவற்றையும் ஓட்டுங்கள். தினமும் காலை ஆறு மணிக்கும் மதியம் மூன்று மணிக்கும் சூட்டைக் குறித்து வையுங்கள். சித்திரை, வைகாசி முழுக்க மதியச் சூடு 28-ஐத் தாண்டவில்லை என்றால் ஆனியில் முதல் ஜோவாவை வாங்கலாம். தாண்டினால் இன்னொரு வலை போட்டோ, சில்லரைப் பெரிதாக்கியோ சரிசெய்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.